பானை முதலில், கூடை பிறகு

அயர்லாந்துச் சமையல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது பச்சைச் சாயமும் கறுப்பு பியரும். கார்க் நகர ஓட்டல் அடுக்களைகளில் ஏறக்குறைய இருபது வருஷம் நின்ற எனக்கு நினைவு வருவது ஆவிதான். இந்த ஊர்ச் சமையல் பானைச் சமையல். உப்பில் ஊறிய பன்றியிறைச்சியை வேகவைப்பார்கள், அந்தத் தண்ணீரிலேயே முட்டைக்கோஸைப் போடுவார்கள், பக்கத்து அடுப்பில் உருளைக்கிழங்கு தோலோடு கொதித்துக்கொண்டிருக்கும். டப்ளின்காரர்கள் செய்யும் காடில் ஒரு படி மேலே. சாசேஜையும் பேக்கனையும் கொஞ்சமும் சிவக்க விடாமல், வெங்காயம் உருளைக்கிழங்கோடு வெளுக்க வேகவைத்துக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். முதல் தடவை பார்க்கிறவருக்குக் கை நீளாது. மழையில் நனைந்து வந்தவர் இரண்டாவது கிண்ணம் கேட்பார்.

இப்படிப்பட்ட நாட்டில் இப்போது வீட்டுக்கு வீடு ஏர் ஃப்ரையர் இருக்கிறது. ஈரத்துக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. அதை வைத்துப் பண்டிகைச் சமையல் சொல்லிக்கொடுப்பதுதான் இன்று என் பிழைப்பில் பாதி. அதனால் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வந்தது 2001-இல். தரமணியில் கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன். அயர்லாந்தில் அப்போது பணம் புரண்ட காலம். உள்ளூர்ப் பையன்கள் கட்டட வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் போய்விட, ஓட்டல்களில் அடுப்படிக்கு ஆள் கிடைக்கவில்லை. வொர்க் பெர்மிட் கொடுத்து எங்களைப் போன்றவர்களை எடுத்தார்கள்.

என்னை நிறுத்திய இடம் கார்வரி. ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். சூட்டு விளக்குக்கு அடியில் முழு வான்கோழி, முழு ஹாம், மாட்டிறைச்சியில் ஒரு பெரிய துண்டு. கேட்கக் கேட்கச் சீவித் தட்டில் வைக்க வேண்டும். அதே தட்டில் மசித்த உருளை, ரோஸ்ட் செய்த உருளை, க்ரீமில் வெந்த உருளை என்று மூன்று விதமும் கேட்பார்கள். அதைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் நான்தான்.

எங்கள் ஹெட் ஷெஃப் லீட்ரிம் மாவட்டத்துக்காரர். அவரிடம் நான் கற்ற முதல் பாடம் உருளைக்கிழங்கைப் பார்த்து வாங்குவது. மாவாக உதிர்வது ஒரு ஜாதி, வெந்தாலும் வழவழவென்று முழுசாக நிற்பது இன்னொரு ஜாதி. அயர்லாந்துக்காரருக்கு முதல் ஜாதிதான் உருளைக்கிழங்கு, மற்றது சாலட்டுக்கு. கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர் எல்லாம் அந்த மாவு ஜாதி. கடைகளில் இன்று அதிகம் விற்கும் சிவப்புத் தோல் ரூஸ்டர் பழைய ரகம் என்று பலர் நினைக்கிறார்கள். கார்லோ மாவட்டத்து ஓக் பார்க் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவாக்கி 1990-களில் பரவிய ரகம் அது. இந்த ஜாதி விவரம் ஏர் ஃப்ரையருக்கு எவ்வளவு முக்கியம் என்பது பிறகு வரும்.

மார்ச் 17, புனித பேட்ரிக் நாள், எங்களுக்கு ஒரு தனிச் சங்கடம். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது கார்ன்ட் பீஃப். உள்ளூர்க்காரர் வீட்டில் அன்றைக்குப் பேக்கனும் முட்டைக்கோஸும், இல்லையென்றால் ஆட்டிறைச்சி ரோஸ்ட். கார்ன்ட் பீஃப் கடல் தாண்டிப் போனவர்களின் பண்டிகைச் சாப்பாடு. வறுமையில் நியூயார்க் போனவர்களுக்கு அங்கே யூதக் கசாப்புக் கடைகளில் உப்பிட்ட மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தது, ஊர்ப் பேக்கனின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு இருநூறு வருஷம் முன்னால் உலகத்துக்கே உப்பிட்ட மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்த துறைமுகம் இந்த கார்க்தான். 1660-களில் இங்கிலாந்து சட்டம் போட்டு அயர்லாந்தின் உயிர்மாடுகள் அங்கே வருவதைத் தடுத்தது. மாட்டை இங்கேயே வெட்டி, உப்பில் பீப்பாயடைத்துக் கப்பல்களுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். பீப்பாயை அடைத்த கூலிக்காரனுக்கு அதை வாங்கித் தின்ன வழியில்லை. அவன் உருளைக்கிழங்கைத் தின்றான். 1845-இல் அந்தக் கிழங்கிலும் நோய் விழுந்தது. அதற்குப் பின் நடந்த பஞ்சத்தைப் பற்றி இங்கே சாப்பாட்டு மேசையில் யாரும் எளிதாகப் பேச மாட்டார்கள்.

ஹெட் ஷெஃப் விருந்தாளியிடம் வாதாடுகிற ஆள் இல்லை. “கேட்கிறார்களா, கொடு. ஆனால் பச்சைச் சாயம் என் அடுக்களைக்குள் வரக்கூடாது” என்பார். வரவும் இல்லை.

ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் ஒரு பெட்டியை ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்தபோது அடுக்களைக்காரர்களுக்கு அதில் புதுமை எதுவும் தெரியவில்லை. எங்களிடம் ஆளுயர காம்பி அவன் இருந்தது. சூடான காற்றை விசிறி சுழற்றி அடிக்கும், வேண்டுமானால் நீராவியும் விடும். அதிலிருந்து நீராவியைக் கழித்து, பெட்டியைச் சுருக்கி, கம்பிச்சுருளையும் விசிறியையும் தலைக்கு மேல் வைத்தால் ஏர் ஃப்ரையர். ஃப்ரையர் என்று பெயர் வைத்ததால்தான் சனங்கள் அதில் பஜ்ஜி மாவைத் தோய்த்துப் போடப் பார்க்கிறார்கள். மாவு கூடையின் ஓட்டை வழியே ஒழுகி அடியில் கருகும்.

அது வீடுகளில் பெருகியது 2022-இல். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மின்கட்டணம் ஏறியது. மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை யூனிட்டுக்கு அதிக விலை என்று ஸ்மார்ட் மீட்டர் திட்டங்கள் வேறு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டியது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். பெரிய அவனைச் சூடேற்றுவதற்குள் சின்னப் பெட்டியில் வேலையே முடிந்துவிடுகிறது. கொரோனா ஊரடங்கில் ஓட்டல் வேலை போய், சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்திருந்த என்னிடம் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். பாதிப் பேர் அயர்லாந்துக் குடும்பத்தினர், மீதி பிரேசில்காரர்கள், போலந்துக்காரர்கள், நம் ஊர் நர்ஸ்கள்.

வகுப்பில் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரு பட்டியல், எதற்கு எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று. நான் முதலில் சொல்வது வேறு. அயர்லாந்துப் பண்டிகைச் சாப்பாட்டில் எதையும் பச்சையாக இந்தப் பெட்டிக்குள் வைத்து முழுசாகச் சமைக்கப் பார்க்காதீர்கள். வேகிற வேலையைப் பானை பார்க்கட்டும், மொறுமொறுப்பைப் பெட்டி பார்க்கட்டும்.

ரோஸ்ட் உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் மதியம் அயர்லாந்து வீட்டு அவனில் வான்கோழி உட்கார்ந்துவிடும். வான்கோழியும் ஹாமும் ஒரே தட்டில் வருவதுதான் இங்கே வழக்கம். உருளைக்கு இடம் ஏது? அதை ஏர் ஃப்ரையருக்கு மாற்றினால் வீட்டில் பாதிச் சண்டை தீரும். ஒரு கிலோ ரூஸ்டரைத் தோல் சீவி, முட்டையளவுக்கு நறுக்கி, உப்புத் தண்ணீரில் கொதி வந்த பிறகு 8 நிமிஷம் விடுங்கள். முனைகள் லேசாகக் கரையத் தொடங்கும்போது வடியுங்கள். வடித்ததும் அப்படியே கூடையில் கொட்டக்கூடாது. மூடாமல் 5 நிமிஷம் விட்டு ஆவி முழுக்கப் போகட்டும். பிறகு மூடி போட்டுப் பாத்திரத்தை இரண்டு குலுக்கு. வெளிப்பக்கம் சிராய்த்து, ரவை ஒட்டினாற்போல் சொரசொரப்பாகும். மாவு ஜாதிக் கிழங்கு வேண்டும் என்றது இதற்காகத்தான். வழவழப்பு ஜாதி எவ்வளவு குலுக்கினாலும் சொரசொரப்பாகாது. வாத்துக் கொழுப்போ எண்ணெயோ இரண்டு ஸ்பூன் விட்டுப் புரட்டி, 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிஷம். நடுவில் இரண்டு முறை உதறுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் கிடப்பது புழுங்கிப்போகும். கூட்டம் பெரிதென்றால் இரண்டு தடவையாகப் போட்டுக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து 3 நிமிஷம் ஓட்டுவதுதான் ஓட்டல் வழி.

நிறத்தைப் பற்றி ஒன்று. 2018 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அக்ரிலமைடு விதி வந்தபோது எங்கள் ஃப்ரையருக்கு மேல் சிப்ஸ் நிற அட்டை ஒட்டினார்கள். மாவுப் பொருள் கடும் சூட்டில் கருக்கக் கருக்க உருவாகும் சங்கதி அக்ரிலமைடு. பொன்னிறத்தில் நிறுத்து, பழுப்புக்குப் போகாதே என்பதுதான் அட்டை சொன்னது. வறுக்கிற கிழங்கை 6 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டும், அதாவது ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது. குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, சூட்டில் சீக்கிரம் கறுக்கும். பச்சையாக நறுக்கிச் சிப்ஸ் போடுவதாக இருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். இதெல்லாம் ஓட்டலுக்குப் போட்ட விதி, ஆனால் வீட்டுக் கிழங்கும் அதே கிழங்குதானே.

ஹாமும் இப்படித்தான். ஒன்றரைக் கிலோத் துண்டு பெரும்பாலான கூடைகளில் அடங்கும். முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டு உப்பை இறக்கி, மறுநாள் புதுத் தண்ணீரில் அரைக் கிலோவுக்கு 25 நிமிஷம், மொத்தத்துக்கு மேலே 20 நிமிஷம் என்று மெதுவாக மட்டும் கொதிக்க விட வேண்டும். தண்ணீருக்குப் பதில் பாதி ஆப்பிள் சைடர் ஊற்றுகிறவர்கள் உண்டு. வெந்ததும் தோலை உரித்துவிட்டு, கொழுப்பில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கீறல் சந்திக்கும் இடங்களில் கிராம்பைக் குத்தி, கடுகு விழுதும் பழுப்புச் சர்க்கரையும் குழைத்துப் பூசுங்கள். 180 டிகிரியில் 12 நிமிஷத்துக்குள் மேலே கண்ணாடிபோல் ஏறிவிடும். சர்க்கரை சொட்டிப் புகையாமல் இருக்கக் கூடைக்கு அடியில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். பேக்கன் துண்டு போடும்போதும் இந்தத் தண்ணீர் உதவும். இல்லையென்றால் கொழுப்புப் புகையில் தீ எச்சரிக்கை மணி அலறி, பண்டிகைக் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வருவார். பேக்கிங் தாளை உணவு வைக்காமல் வெறும் தாளாகப் போட்டுச் சூடேற்றவும் கூடாது. விசிறி அதைத் தூக்கிக் கம்பிச்சுருளில் ஒட்டிவிடும்.

ஹாம் வெந்த தண்ணீர் இருக்கிறதே, முட்டைக்கோஸின் இடம் அது. ஒரு நர்ஸ் தங்கை, திருநெல்வேலிப் பக்கம், “அண்ணா, கோஸையும் பெட்டியிலேயே போட்டுட்டா ஒரு பாத்திரம் மிச்சமாகுமே” என்றார். போட்டுப் பாருங்கம்மா என்றேன். இலைகள் காற்றில் பறந்து விசிறிப் பக்கம் போய், ஓரமெல்லாம் கறுத்து, தண்டு மட்டும் பச்சையாக வந்தது. தண்ணீரே போதும், 8 நிமிஷம், வெண்ணெய் ஒரு கட்டி. பெட்டிக்கு ஏற்ற காய் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட். பாதியாக வெட்டி எண்ணெய் தடவி 180-இல் 12 நிமிஷம் போட்டால் அதை வெறுக்கிற பிள்ளைகளும் தின்னும்.

சோடா பிரெட்டும் பானைக்குப் போகாமல் நேராகப் பெட்டிக்கு வரும் அயர்லாந்துப் பண்டம். அதனாலேயே அதற்கு அதிகக் கவனம் வேண்டும். அயர்லாந்துக் கோதுமையில் பசைத்தன்மை குறைவு, ஈஸ்ட் போட்டால் சரியாக எழும்பாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமையல் சோடா கைக்கு வந்ததும், அதையும் புளித்த மோரையும் சேர்த்து வீட்டுக்கு வீடு ரொட்டி சுட்டார்கள். வீட்டுச் சமையலுக்கு மரியாதை வாங்கித் தந்தவர் கார்க் மாவட்டத்து மிர்ட்டில் ஆலன். தன் பண்ணை வீடான பாலிமலோவில் 1964-இல் சாப்பாட்டு விடுதி திறந்தார். அவர் மருமகள் டரீனா ஆலன் 1983-இல் தொடங்கிய சமையல் பள்ளி இன்றும் நடக்கிறது. இந்த வட்டாரத்தில் சோடா பிரெட்டைப் பற்றித் தப்பாக ஏதாவது சொன்னால் திருத்துவதற்குத் தெருவுக்கு ஒருவர் இருப்பார்.

பெரிய அவனில் 450 கிராம் மாவில் ஒரே உருண்டையாகச் சுடுவது வழக்கம். ஏர் ஃப்ரையரில் கம்பிச்சுருள் தலைக்கு மேலேயே இருப்பதால் அந்த உயரத்துக்கு மேல்தோல் கருகும், நடுவில் பிசுபிசுக்கும். பாதியாகச் செய்யுங்கள். மைதா 225 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன் தலைதட்டி, உப்பு அரை டீஸ்பூன், மோர் 180 மில்லி அளவில். இங்கே அட்டை டப்பாவில் விற்கும் மோர் கெட்டியாகப் புளிப்பாக இருக்கும். நம் வீட்டு நீர்மோர் உதவாது, தயிரில் கொஞ்சம் பால் கலந்தால் சரியாக வரும். விரல்களை விரித்துவைத்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் மாவு சேர வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் கல்லாகிவிடும். மோர் பட்ட உடனே சோடா வேலையைத் தொடங்கிவிடுகிறது, போன் பேசிவிட்டு வரலாம் என்பது நடக்காது. இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தட்டையாக்கி, நடுவில் அடிவரை சிலுவையாகக் கீறுங்கள். தேவதைகள் வெளியே போவதற்கு வழி என்பார்கள் பாட்டிமார்கள். நடுப்பகுதி வேக வழி என்பது என் கணக்கு. முன்னாலேயே சூடேற்றிய பெட்டியில் 170 டிகிரி, 20 நிமிஷம், பிறகு கவிழ்த்துப்போட்டு இன்னும் 5 நிமிஷம். அடியில் விரலால் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் வர வேண்டும். கைநிறைய உலர்திராட்சை சேர்த்தால் அதுவே பிள்ளைகள் கேட்கும் ‘ஸ்பாட்டட் டாக்’.

என் வகுப்புக்கு வந்த எழுபது தாண்டிய அம்மையார் ஒருவர் இந்தப் பெட்டியைத் தொடக்கூட மாட்டேன் என்று கைகட்டி நின்றார். கவிழ்த்துப்போடும் கட்டம் வந்ததும் அருகில் வந்தார், தட்டிக் கேட்டார், “இன்னும் 3 நிமிஷம்” என்றார். அவர் சொன்னது சரி. ரொட்டியில் வெண்ணெயைத் தடவவில்லை, பாலாடைக்கட்டி வைப்பதுபோல் துண்டாக வைத்துச் சாப்பிட்டார்.

லீட்ரிம் ஷெஃப்பின் பண்டமான பாக்ஸ்டியை நான் பெட்டிக்கு மாற்றியபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். துருவிய பச்சை உருளையைத் துணியில் இறுக்கிப் பிழிந்து, மசித்த உருளையும் மாவும் உப்பும் சேர்த்துத் தோசைக்கல்லில் ஊற்றுவது ஒரு வகை. அது பெட்டிக்கு ஆகாது. இன்னொன்று, அதையே கெட்டியாகப் பிடித்து நீளுருண்டையாக்கித் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் துண்டு போட்டு வறுப்பது. பண்டிகைக்கு முதல் நாளே செய்து வைக்கலாம். துண்டுகளில் வெண்ணெய் தடவி 200 டிகிரியில் 10 நிமிஷம். மார்ச் 17 ஊர்வலம் பார்த்துவிட்டு நனைந்து நடுங்கிப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, கோட்டைக் கழற்றுவதற்குள் ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் சாசேஜ். ஹாலோவீனுக்குச் செய்யும் கோல்கேனன், அதாவது கேல் கீரையோ கோஸோ கலந்த உருளை மசியல், மிஞ்சினால் அதையும் வடையாகத் தட்டி இப்படியே செய்யலாம்.

பழையதை மட்டும் கட்டிக்கொண்டு அழுவதில் எனக்கு விருப்பமில்லை. இன்றைய அயர்லாந்துப் பிள்ளைகளிடம் விடுமுறைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஸ்பைஸ் பேக் என்றுதான் பதில் வரும். டப்ளினில் சீனர்களின் பார்சல் கடைகளில் பிறந்து நாடெங்கும் பரவிய பண்டம் அது. மொறுமொறு கோழித்துண்டு, சிப்ஸ், வெங்காயம், குடைமிளகாய், எல்லாவற்றுக்கும் மேல் உப்பு, மிளகாய், ஐந்து மசாலாப் பொடி, ஒரு காகிதப் பையில். ஏர் ஃப்ரையருக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. சோளமாவில் புரட்டி எண்ணெய் தெளித்த கோழி, துண்டின் நடுவில் 75 டிகிரி வந்ததும் எடுத்துக் காகிதப் பையில் மற்றவற்றோடு போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள், குலுக்கட்டும். என் வகுப்பில் அதிகச் சத்தம் இந்தப் பாடத்தில்தான்.

ஜனவரி 6-ஆம் தேதியை ஒட்டி இன்னொரு கூட்டம். கார்க், கெரிப் பக்கம் அன்றைக்கு ‘நொல்லிக் நா மான்’, பெண்களின் கிறிஸ்துமஸ். பண்டிகை முழுக்க உழைத்த பெண்கள் வெளியே போய்க் களிப்பார்கள், அடுக்களை ஆண்கள் கையில். அதற்கு முந்தின வாரம் கணவன்மார்கள் பேனாவும் தாளுமாக வருவார்கள். அவர்களுக்கு மட்டும் நான் டிகிரியும் நிமிஷமும் பட்டியலாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், பானைத் தத்துவமெல்லாம் கிடையாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். நமக்கு வேண்டியது கூடையின் அடிப்பரப்பு, ஆழம் இல்லை. நாலு பேர் வீட்டுக்கு இரட்டைக்கூடை வசதிதான், ஆனால் பல மாடல்களில் இரண்டும் சேர்ந்து ஓடும்போது சூடு மெதுவாகத்தான் ஏறும், சில நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள். அதோடு இரட்டைக்கூடையில் ஒவ்வொன்றும் ஒடுக்கமாக இருப்பதால் ஹாமும் சோடா பிரெட்டும் அடங்காமல் போகலாம். வீட்டில் 20 சென்டிமீட்டர் கேக் டின் இருந்தால் கடைக்குக் கையோடு எடுத்துப்போய் உள்ளே வைத்துப் பாருங்கள். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்த்துவிட்டுப் போகட்டும்.